துளியும் அயல் துளியும்



ஐப்பசி பிறந்ததும் வன்னி மக்களின் கண்கள் கீழ்வானை நோக்குகின்றன. முல்லைத்தீவுக் கடற்பக்கமிருந்து வரும் முகிற்கூட்டத்தைப் பொறுத்தே கனகராயன் ஆறு பெருகுவதும், இரணைமடுக் குளம் நிரம்புவதும், காலபோக நெல் விளைவதும் அமைகின்றன. ஆயினும், வானத்தை மூடி வரும் முகிலெல்லாம் மழையாகிவிடுவதில்லை. சில பொழிகின்றன, சில வெறுமனே கடந்து போகின்றன. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று ஆராய்வோம். விழுகின்ற ஒரு துளியின் போக்கை அதன் அயலிலுள்ள துளி எவ்வாறு மாற்றுகின்றது என்பதே அது.

முகில் என்பது நீராவி எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டமாகும். அத்துளி ஒன்றின் ஆரை ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவே. புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்க, வளி அதனைத் தடுக்கின்றது. 1851ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜ் அறிஞர் ஸ்டோக்ஸ் வகுத்த விதியின்படி கணித்தால், இத்துளி செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வேகத்திலேயே இறங்கும். ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும்; அதற்கு முன்னரே அது வற்றிப்போகும். இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள மழைத்துளியோ அத்தூரத்தை மூன்று நிமிடத்துக்குள் கடந்துவிடும். அத்தகைய மழைத்துளி ஒன்று உருவாவதற்கு முகிற்றுளிகள் பத்து இலட்சம் ஒன்றுசேர வேண்டும். அவை எவ்வாறு சேர்கின்றன?

ஸ்டோக்ஸ் கருதியது தனித்து விழும் உருண்டையை. துணையுடன் விழும்போது நிலைமை வேறு. விழும் துளி தன்னைச் சூழ்ந்த வளியையும் ஓரளவு கீழ்நோக்கி இழுத்துச் செல்கின்றது. அதன் அருகே வரும் துளி, ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் வளியிலே விழுவதால், குறைந்த தடையையே சந்திக்கின்றது. 1926இல் ஸ்டிம்ஸன், ஜெப்ரி என்னும் இருவர், ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாய்ச் செல்லும் இரு சம உருண்டைகளுக்கு இதனைத் திருத்தமாகக் கணித்தனர். தொடுமளவுக்கு நெருங்கிய நிலையில் ஒவ்வொன்றும் எதிர்கொள்ளும் தடை, அதே வேகத்தில் தனித்துச் செல்கையில் ஏற்படும் தடையின் 65 வீதமளவே. ஆகவே சோடியாக விழுபவை தனித்து விழுவதிலும் ஒன்றரை மடங்கு விரைவாக இறங்கும்.

மிக மெதுவான வீழ்ச்சியில் இச்சலுகை இரண்டிற்கும் சமமாகக் கிடைக்கின்றது. துளிகள் பருத்து வேகம் கூடியதும், பின்வருவதற்கே கூடுதலான நன்மை உண்டாகின்றது. எதிர்காற்றில் பரந்தன் வீதி வழியே சைக்கிள் மிதிப்பவர், முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். பின்வரும் துளியும் அவ்வாறே முன்னதை எட்டிப் பிடித்து அதனுடன் கலந்துவிடக்கூடும்.

ஆனால் அயல் எப்போதும் துணையாவதில்லை. பெரிய துளி சிறியதை முந்த வரும்போது, அதனைச் சுற்றி வளைந்தோடும் வளி சிறியதை ஒருபுறம் ஒதுக்கிவிடுகின்றது. எனவே முகிற்றுளிகள் சில, மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு ஆரை அளவுக்கு வளரும் வரையில் அவை ஒன்றோடொன்று சேர்வது அரிது. கடலிலிருந்து எழும் உப்புத் துகள்கள் அத்தகைய பெருந்துளிகள் தோன்ற உதவுகின்றன. புகை செய்வது இதற்கு மாறானது. அது நீரை எண்ணிறந்த சிறு துளிகளாகப் பங்கிட்டுவிடுகின்றது. காட்டுத்தீயின் புகை படிந்த முகில்களில் மழை தடைப்பட்டதை, இந்தோனேசியாவின் மேலாகச் சென்ற செய்மதியின் அளவீடுகளைக் கொண்டு ரோசன்பெல்ட் என்னும் ஆய்வாளர் 1999இல் எடுத்துக்காட்டினார்.

இவ்வுண்மை வானத்தோடு நின்றுவிடவில்லை. நம் வயலிலும் இதனைக் காணலாம். கமக்காரர் முதுகில் சுமக்கும் கருவியால் கிருமிநாசினி தெளிக்கையில், அதன் வாயிலிருந்து துளிகள் நெருங்கிப் புறப்படுகின்றன. அவை கூட்டமாக வளியைத் தம்முடன் இழுத்துக்கொண்டு பயிரை நோக்கி விரைகின்றன. கூட்டத்தின் ஓரத்தில் பிரிந்து தனித்துவிட்ட நுண்துளிக்கு அத்துணை இல்லை. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி, அரை மீற்றர் இறங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு செக்கன்கள் எடுக்கும். செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகமுள்ள இளங்காற்று அதற்குள் அதனை நான்கு மீற்றர் தூரம் கொண்டு சென்றுவிடும். வரம்பைக் கடந்து அடுத்தவர் பயிரிலோ, வாய்க்கால் நீரிலோ, தெளிப்பவரின் மூச்சிலோ அந்த நஞ்சு சேரும்.

ஆகவே காற்று வீசும் வேளையில் தெளிப்பதைத் தவிர்த்தல் வேண்டும். கருவியின் வாயைப் பயிருக்கு மேலாக அதிகம் உயர்த்தலாகாது. அமுக்கத்தை மிகைப்படுத்தினால் துளிகள் மேலும் நுண்ணியனவாகும் என்பதையும் மறத்தலாகாது. செலவில்லாத இம்மூன்று கவனங்களும் மருந்தின் பணத்தை மட்டுமன்றி, அயல் வயலையும், குடிக்கும் நீரையும், தெளிப்பவரின் உடலையும் காக்கும்.