சத்தம் போடாத மீன் தொட்டி

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் தொட்டி வாங்க வருபவர்களின் கண் மீன்கள் மேல்தான் இருக்கும். பம்பின் இரைச்சல் அங்கே கேட்காது. ராத்திரி விளக்கணைத்துப் படுத்த பிறகுதான் 'ர்ர்ர்' என்று காதைக் குடையும்.

காற்று பம்புக்குள் ரப்பர் சவ்வு ஒன்று விடாமல் அதிர்கிறது. மர அலமாரியில் நேராக வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். அடியில் தடித்த ஸ்பாஞ்ச் துண்டு வைத்தால் பாதித் தொல்லை தீரும். பெரிய தொட்டிக்குத் தண்ணீரில் மூழ்கி ஓடும் பம்பே மேல். காற்று பம்புதான் என்றால், நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் குழாய் வழியே தண்ணீர் இறங்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி சுமார் 680 லிட்டர் பிடிக்கும். வாரம் கால் பங்கு மாற்ற 170 லிட்டர், அதாவது பதினோரு குடம். மீன் கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிரிகள் நைட்ரேட் ஆக்குகின்றன. அது சேராமல் காப்பது இந்தக் கால் பங்கு மாற்றம்தான். மொத்தமாகக் கொட்டிக் கழுவுவது மீனுக்கு ஆபத்து.

அந்த நுண்ணுயிரிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் தங்கியிருக்கும்; குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதை அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.