கணினி இயக்கும் இயந்திரங்கள்: நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

(பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களின் பெற்றோருக்காக நமது அறக்கட்டளை நடத்திய தொழிற்கல்வி வழிகாட்டுதல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





தேர்வு முடிவு வந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மார்க் குறைந்த பையனைக் கடையில் நிறுத்துகிறோம். அல்லது பாஸ்போர்ட் எடுத்து, நகையை அடகு வைத்து விசாவுக்குப் பணம் கட்டுகிறோம். மார்க் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், கடன் வாங்கியாவது பொறியியல் கல்லூரியில் சேர்க்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பற்றி நம் ஜமாஅத்துகளில் அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

சி.என்.சி. என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் போனால் பட்டறைப் பலகைகளிலெல்லாம் இந்த மூன்று எழுத்து இருக்கும். கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல் என்பதன் சுருக்கம் அது. எண்களால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்துவது என்று பொருள்.

பழைய லேத்தில் கடைசல்காரர் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித்தான் இரும்பைக் கடைந்தார். அளவு அவர் கையிலும் கண்ணிலும் இருந்தது. சி.என்.சி. இயந்திரத்தில் அந்தக் கைச்சக்கரத்தின் வேலையைச் சர்வோ மோட்டார்கள் செய்கின்றன. எந்தத் திசையில், எவ்வளவு தூரம், என்ன வேகத்தில் நகர வேண்டும் என்பதை வரி வரியாக எழுதிக் கொடுக்கிறோம். அதுதான் புரோகிராம். ஜி00 என்றால் வெட்டாமல் வேகமாக நகர். ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு நகர். எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று. எம்30 என்றால் வேலை முடிந்தது. இப்படிச் சில பத்து கட்டளைகள்தான் அடிப்படை. பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இது எட்டாத பாடம் அல்ல.

இந்த முறை பிறந்தது அமெரிக்காவில். மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனை அது. அதை வைத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-இல் எண்களால் இயங்கும் முதல் மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். அன்று கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. 1970-களில் சிறு கணினிகள் வந்தபின் நாடா போய்த் திரை வந்தது.

இனி வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, சி.என்.சி. லேத். டர்னிங் சென்டர் என்றும் சொல்வார்கள். இதில் இரும்புத் துண்டு சுழலும். டூல் நகர்ந்து கடையும். உருண்டையாக இருப்பவை எல்லாம் இதில் வரும்: பம்ப் ஷாஃப்ட், புஷ், பின், வால்வு. கோவையின் பம்புத் தொழிலுக்கும் வாகன உதிரிபாகத் தொழிலுக்கும் இது அன்றாடத் தேவை.

இரண்டாவது, வி.எம்.சி. இதில் பொருள் மேசையில் பிடிக்கப்பட்டிருக்கும். டூல் செங்குத்தாக நின்று சுழலும். துளை போடுவது, தளம் சீவுவது, மரை வெட்டுவது என்று ஒவ்வொரு வேலைக்கும் டூலை இயந்திரமே மாற்றிக்கொள்ளும். பம்ப் உடல், கியர்பாக்ஸ் கூடு, பிளாஸ்டிக் வார்ப்பு அச்சு போன்றவை இதில் செய்யப்படுகின்றன. டூல் படுக்கைவாட்டில் இருந்தால் எச்.எம்.சி. ஐந்து அச்சுகளில் நகரும் இயந்திரங்களும் உண்டு. விமான டர்பைன் இதழ், மூட்டு அறுவைச் சிகிச்சையில் பொருத்தும் செயற்கை மூட்டு போன்ற வளைவான வேலைகளுக்கு அவை.

மூன்றாவது, கிரைண்டிங் இயந்திரம். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சில மைக்ரான் துல்லியம் வேண்டிய பேரிங் போன்றவற்றுக்குக் கடைசி மெருகு இதில்தான்.

நான்காவது, ஒயர்கட். மெல்லிய பித்தளைக் கம்பிக்கும் இரும்புக்கும் இடையே மின்பொறி உண்டாக்கி, தொடாமலே அறுக்கும் இயந்திரம். கடினமாக்கிய எஃகையும் அறுக்கும். பஞ்ச், டை செய்யும் பட்டறைகளில் இது இருக்கும்.

ஐந்தாவது, தகடு வெட்டுபவை. லேசர், பிளாஸ்மா, நீர்த்தாரை என்று மூன்று விதம். வெட்டிய தகட்டை மடிக்க சி.என்.சி. பிரஸ் பிரேக். மின்பெட்டி, லிஃப்ட் கதவு, ஓட்டல் சமையலறைச் சாமான் எல்லாம் இவற்றிலிருந்து வருபவை.

ஆறாவது, மரவேலைக்கான ரூட்டர். வாசற்கதவில் பூவேலை, புதிய பள்ளிவாசல்களின் மிம்பரிலும் ஜாலியிலும் நாம் பார்க்கும் கொடி வேலைப்பாடு பலவும் இன்று ரூட்டரில் செதுக்கப்படுபவை. பல தலைகள் கொண்ட எம்பிராய்டரி இயந்திரமும், காலணித் தொழிற்சாலைகளில் தோல் வெட்டும் இயந்திரமும் இதே குடும்பம்தான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு அங்கே தோல் தொழில் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஏழாவது, முப்பரிமாண அச்சு இயந்திரம். மற்றவை வெட்டிக் குறைப்பவை. இது அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்குவது.

"கணினியே எல்லாவற்றையும் செய்துவிட்டால் ஆளுக்கு என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஓர் உதாரணம் சொல்கிறோம். 20 மி.மீ. விட்டமுள்ள பின் ஒன்று ஓடுகிறது. வெட்ட வெட்ட டூல் முனை தேயும். விட்டம் மெல்லக் கூடும். மைக்ரோமீட்டரில் அளந்து, 0.03 மி.மீ. கூடியிருக்கிறது என்று கண்டு, அந்த அளவைத் திருத்திக் கொடுப்பவன் மனிதன். அளக்காமல் விட்டால் பெட்டி நிறைய ரிஜெக்ட். இன்னொன்று: பல கன்ட்ரோலர்களில் புள்ளி வைக்காமல் 50 என்று அடித்தால் 50 மி.மீ. என்று அது எடுத்துக்கொள்ளாது, 0.05 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி விட்டுப்போனால் டூல் போய் ஜாப்பில் மோதும், ஸ்பிண்டிலே கெட்டுப்போகலாம். அதனால்தான் கவனமுள்ள பிள்ளைக்கு இந்தத் தொழிலில் மதிப்பு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே எல்லா வேலையும் ஒன்றல்ல. துண்டை மாட்டிப் பட்டனை அமுக்கிக் கழற்றி வைப்பவர் ஆபரேட்டர். டூலைப் பொருத்தி, பூஜ்யப் புள்ளி பிடித்து, முதல் துண்டை அளவுக்குக் கொண்டுவருபவர் செட்டர். வரைபடத்தைப் பார்த்துப் புரோகிராம் எழுதுபவர் புரோகிராமர். பட்டன் அமுக்குவதிலேயே பல ஆண்டுகள் நின்றுவிட்டால் சம்பளமும் அங்கேயே நின்றுவிடும். நம் பிள்ளைகள் பலர் அங்கேதான் நிற்கிறார்கள். வரைபடம் படிக்கவும், அளவுக் கருவி பிடிக்கவும், கொஞ்சம் முக்கோணவியல் கணக்குப் போடவும் தெரிந்தவன்தான் மேலே ஏறுகிறான். கையால் லேத் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் எளிது. இரும்பின் சத்தத்தை வைத்தே டூல் தேய்ந்துவிட்டதைச் சொல்லும் பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

எங்கே படிப்பது? ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய இரண்டும் இரண்டு ஆண்டுப் பிரிவுகள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். டூல் அண்ட் டை மேக்கர் பிரிவும் உண்டு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கலாம். படித்தபின் அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவற விடாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்பில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐ.டி.ஐ. படிப்பும் இதில் அடங்கும். பெண் பிள்ளைகளும் இதைக் கேளுங்கள். கணினியில் வரைந்து புரோகிராம் எழுதும் வேலைக்கும், அளவு சோதிக்கும் வேலைக்கும் உடல் பலம் தேவையில்லை.

பதினைந்து நாளில் சி.என்.சி. கற்றுத் தருகிறோம், உடனே வேலை என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். இயந்திரம் உண்மையில் இருக்கிறதா, அல்லது கணினித் திரையில் மட்டும்தானா? பிள்ளை தன் கையால் எத்தனை மணி நேரம் ஓட்டுவான்? சான்றிதழை எந்த நிறுவனம் ஏற்கும்? பதில் தெளிவாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். கதவு திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும். நேரம் மிச்சம் என்று அந்தப் பூட்டைச் செயலிழக்கச் செய்யும் பட்டறைகள் உண்டு. போன விரலை எந்தச் சம்பளமும் திருப்பித் தராது. சுழலும் ஸ்பிண்டில் அருகே கையுறை கூடாது, தொளதொள சட்டைக் கையும் கூடாது. கண்ணாடி கட்டாயம். வேலைக்குச் சேரும்போதே இ.எஸ்.ஐ. உண்டா என்று அத்தாமார் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கடைசியாக, சொந்தமாக இயந்திரம் வாங்க ஆசைப்படும் சகோதரர்களுக்கு. ஆர்டர் கையில் வருமுன் வட்டிக்கு வாங்கி இயந்திரத்தை இறக்காதீர்கள். இயந்திரத்தின் விலை மட்டும் செலவல்ல. கம்ப்ரஸர், மின் இணைப்பு, டூல், அளவுக் கருவி எல்லாம் சேரும். இயந்திரம் சும்மா நின்றாலும் தவணை நிற்காது. முதலில் சில ஆண்டுகள் பிறர் பட்டறையில் செட்டராக இருந்து, தொழிலும் வாடிக்கையும் கைக்கு வந்தபின் இரண்டு மூன்று பேர் கூட்டாக முதல் போட்டுத் தொடங்குவது நல்லது.

நமது அறக்கட்டளையின் கல்வி உதவி விண்ணப்பத்தில் இதுவரை கல்லூரிப் படிப்புக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்த ஆண்டு முதல் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தப் பிரிவு, எந்த நிலையம் என்று உட்கார்ந்து பேசுவோம். சேர்க்கைக்கான கடைசித் தேதி போனபின் வந்து வருத்தப்பட வேண்டாம்.

நம் பிள்ளைகளின் கைத்தொழிலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.