நெஞ்சின் மணி



பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டே வாழ்நாளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின் ஒருநாள், என் நெஞ்சுக்குள் ஒலிக்கும் மணி தாளம் தவறியது. கிழக்குத் தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரிப் பக்கமாகக் காலையில் உலாவிக்கொண்டிருந்தேன். இதயம் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு, அடுத்ததை ஓங்கி அடித்தது போல் இருந்தது. அன்றே நடையை நிறுத்தினேன். பின்னர் ரயில் நிலைய மேம்பாலத்தின் படிகளைக் கண்டாலே கால்கள் தயங்கின. நோய் இன்னதென்று அறியுமுன்பே அச்சம் என்னை வீட்டுக்குள் அடைத்துவிட்டது.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அதை ஏவும் மின்துடிப்பு, வலது மேலறையிலுள்ள ஒரு சிறு முடிச்சில் பிறக்கிறது. 1906ஆம் ஆண்டில் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அம்முடிச்சைக் கண்டவர் மார்ட்டின் பிளாக். அப்பொழுது அவர் உங்களைப் போல் ஒரு மாணவரே. ஆசிரியர் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து 1907இல் அதை உலகுக்கு அறிவித்தார்.

சில வேளைகளில் இதயத்தின் வேறோர் இடம் முந்திக்கொண்டு ஏவிவிடுகிறது. பள்ளிச் சேவகர் மணியை முன்னதாக அடித்துவிட்டால், அடுத்த மணி வரை இடைவெளி நீளுமன்றோ? அந்த இடைவெளியில் குருதி மிகுதியாக நிரம்புவதால், அடுத்த துடிப்பு வலுத்துத் தோன்றுகிறது. நலமுள்ளோரிடமும் இது உண்டு. கவலையும் உறக்கக் குறைவும் இதனை மிகுவிக்கலாம்.

ஆனால், எல்லாத் தடுமாற்றமும் தீங்கற்றதன்று. ஆகவே மருத்துவரை நாடினேன். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார்; ஒரு நாள் முழுவதும் கருவியொன்றை அணிவித்துத் துடிப்புகளைப் பதிவு செய்தார். முடிவில் நகைத்து, "ஐயா, எங்களையெல்லாம் ஓடச் சொன்ன தாங்கள் நடக்க அஞ்சலாமா?" என்றார். அவர் என் பழைய மாணவர். நடக்கும்போது தடையின்றிப் பேச முடிகிற வேகமே போதும் என்றார். முதல் நாள் தெருமுனை வரை சென்றேன். நாள்தோறும் சிறிது கூட்டினேன்.

அப்பொழுது ஒரு சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. நெஞ்சு படபடக்கிறது என்று விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நின்ற அவனை, "சோம்பேறி" என்று பலர்முன் கடிந்தவன் நான். அவனை மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆதலால் உங்களுக்கு ஒன்று சொல்வேன். ஓடும்போது மயக்கமோ, நெஞ்சுவலியோ, மிகுந்த மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள். கூசாமல் பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைக் காணுங்கள். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் அவரிடம் கூறுங்கள். அவர் தடையில்லை என்றபின் அஞ்சி அமர்ந்திராதீர்கள். ஒதுங்கி நிற்கும் தோழனை நகையாதீர்கள்.

என் மணி இன்றும் எப்போதேனும் முந்தி அடிக்கிறது. நான் மேம்பாலத்தின் படிகளில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன்.