கடனை அடைத்தால் குடி நிற்காது
(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு பார்த்தவன் நான். ஆனால் என் வீட்டு விஷயத்தில் கணக்கு தப்பாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் தம்பிக்குக் குடிப்பழக்கம். அவன் வாங்கிய கடனை மூன்று முறை நான் அடைத்தேன். வேலைக்குப் போகாத நாட்களில் "காய்ச்சல்" என்று அவன் ஆபீசுக்கு நானே போன் செய்தேன். கடைசியில் ஒரு டாக்டர் சொன்னார்: "சார், உங்கள் பணம் தம்பிக்குப் போகவில்லை, குடிக்குப் போகிறது."

மதுவோ, கஞ்சாவோ, மாத்திரையோ, மூளை அதற்குப் பழகிவிட்டால் அது நோய். 2017ஆம் வருட மனநலச் சட்டமும் இதை மனநோய்களில் சேர்த்திருக்கிறது. சத்தியம் வாங்கினால் மட்டும் தீராது. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பேசுவதானால் போதை தெளிந்த நேரத்தில் பேசுங்கள். திட்ட வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். கையில் பணம் தராதீர்கள். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸை நேரில் கட்டுங்கள்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். அங்கே குடும்பத்தினருக்கும் பயிற்சி உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

தம்பி சிகிச்சை முடிந்து வந்த ஐந்தாவது மாதம் மறுபடியும் குடித்தான். எல்லாம் வீண் என்று நினைத்தேன். சர்க்கரை ஏறினால் சிகிச்சையை விட்டுவிடுவோமா என்றார் டாக்டர். திரும்பவும் சேர்த்தோம். குடிக்காமல் இப்போது ஏழு வருடம் ஆகிறது.

இன்னொன்று. அந்த நாட்களில் தம்பி மனைவி பொங்கலுக்குக்கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு அவ்வளவு பயம். நமது பிளாக்கிலும் அப்படி ஒரு குடும்பம் இருக்கலாம். லிப்டில் பார்த்தால் குசுகுசுக்காமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். துணைக்கு ஆஸ்பத்திரி வர ஆள் வேண்டுமென்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விஷயம் வெளியே போகாது.