அரிட்டாபட்டி மலையில் ஒரு காலை நடை

இயற்கை நடை குறித்துப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தனர். பலவற்றை அறிந்தவனல்லேன். சென்று வந்த ஒரு நடையை மட்டும் கூறுகின்றேன்.

மதுரை மாவட்டத்தில், மேலூரை அடுத்துள்ளது அரிட்டாபட்டி. அங்குள்ள குகைத்தளத்தின் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியே என் பணிக்காலம் கழிந்தது. நேரில் கண்டதோ ஓய்வு பெற்ற பின்னர்தான். ஆடு மேய்க்கும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். தீர்த்தங்கரர் திருமேனியைக் கண்டதும் நான் உரத்த குரலில் துதி பாடத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, “ஐயா, கொஞ்சம் மெதுவா. மேல வல்லூறு குஞ்சு வச்சிருக்கு” என்றார்.

நாணினேன். நுகத்தடி நீளம் முன்னே நோக்கி, எவ்வுயிர்க்கும் ஊறு நேராமல் அடியெடுத்து வைப்பதை ஈரியாசமிதி என்று பிறர்க்கு விளக்கியவன் நான். அவரோ அச்சொல்லைக் கேட்டறியாதவர். எறும்புச் சாரையைக் கண்டால் விலகி நடந்தார். எச்சம் படிந்த பாறையைக் காட்டிப் பறவையின் இருப்பிடம் சொன்னார். சுனையின் ஈரத்தைக் கொண்டு சென்ற மழையின் அளவு சொன்னார். அரிய லகர் வல்லூறு வாழும் இம்மலைப் பகுதியை, 2022 நவம்பரில், தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. பரப்பு 193 ஹெக்டேருக்குச் சற்று மிகுதி.

அத்திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி. கீழேயுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனைப் பாதிரிக்குடியாரின் காவலில் ஒப்படைக்கிறது. அன்று காவல் ஏற்றோரும் ஊராரே. 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது வீதிக்கு வந்தோரும் ஊராரே. 2025 ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. அப்போது நம்மில் எத்தனை பேர் அவர்களுடன் நின்றோம்? நான் நாளிதழ் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

ஆதலின் நம் அடுத்த யாத்திரைக்குச் சில வேண்டுகோள்கள். பேருந்தின் ஒலிபெருக்கியை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவோம். பதின்மர் பதின்மராக, வெயில் ஏறுமுன், ஊரார் ஒருவர் முன்செல்ல நடப்போம். சிற்பத்தின்மேல் எண்ணெயோ சந்தனமோ பூச வேண்டா. வழிகாட்டுவோர்க்குரிய ஊதியத்தை யாத்திரைச் செலவிலேயே சேர்த்துவிடலாம். பொருளாளர் இசைந்தால் முதல் தவணையை நானே தருகின்றேன். அப்பெரியவரை மீண்டும் காண வேண்டும். அக்குஞ்சுகள் பறந்தனவா என்று கேட்கவும் வேண்டும்.