சொல்லின் பிறப்புக்குச் சான்று



ஆங்கிலச் சொற்களின் பிறப்பை ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டில் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு சொல்லைப் பற்றிக் கதை கிடைத்தால், அதற்குத் தேதியிட்ட சான்றும் தேடுங்கள்.

'ஓகே' என்ற சொல்லையே பாருங்கள். அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினரின் சொல் என்றார்கள் சிலர். கிரேக்கம் என்றார்கள் வேறு சிலர். எழுத்துப்பிழை மிகுதியாகச் செய்பவர் என்று அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் தலையில் கட்டியவர்களும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். 1941-இல் அவர் எட்டிய இடம் 1840-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். அதில் போட்டியிட்ட, கிண்டர்ஹூக் ஊர்க்காரரான மார்ட்டின் வான் பியூரனுக்கு 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர், ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' நடத்தினார்கள். பலரும் அத்தோடு நின்றிருப்பார்கள். ரீட் நிற்கவில்லை. 1963, 64-இல் அவர் எழுதிய கட்டுரைகள், 1839 மார்ச் 23-ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழிலேயே அந்த இரண்டெழுத்து இருப்பதைக் காட்டின. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று பிழைபட எழுதிச் சுருக்கிய பத்திரிகை வேடிக்கை அது. 'ஆல் ரைட்' என்பதையும் அவ்வாறே 'ஓ.டபிள்யூ.' ஆக்கினார்கள். அது வழக்கொழிந்தது; தேர்தல் மேடையேறிய ஓகே உலகெங்கும் பரவியது.

அந்த விடாமுயற்சியை நான் வணங்குகிறேன். எல்லாக் கதைகளுக்கும் அப்படிச் சான்று கிடைப்பதில்லை. ஆடம்பரமான என்று பொருள்படும் 'பாஷ்' என்ற சொல், இந்தியாவுக்குக் கப்பலேறிய செல்வந்தர்கள் போகையில் இடப்பக்க அறையும் திரும்புகையில் வலப்பக்க அறையும் கேட்டதால், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்' என்பதன் முதலெழுத்துகளிலிருந்து வந்தது என்பார்கள். அப்படி அச்சிட்ட பயணச்சீட்டு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

நம் கட்டுமரத்தின் நிலை வேறு. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலிலேயே அந்தப் பெயர் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போன வழியை யூல், பர்னல் இருவரும் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் மேற்கோள்களோடு நிறுவினார்கள். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் 1882-இல் மறைந்தார். 1886-இல் அந்நூல் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

இன்று ஒலி ஒத்திருந்தாலே போதும், ஆங்கிலச் சொல்லைத் தமிழென்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. சான்றோடு நிற்கும் கட்டுமரத்தையும் பிறர் ஐயுறுவதற்கு நாமே இடம் கொடுக்கிறோம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பதினேழாம் நூற்றாண்டு முதலான புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகள் இருக்கின்றன. துறைமுகத்திலும் சந்தையிலும் வழங்கிய தமிழ்ச் சொற்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர்கள் எந்த ஆண்டில், எந்த வடிவில் எழுதினார்கள் என்று இளைய ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாகத் தேட வேண்டும். அந்தப் பணிக்கு ஒரு குழுவை இம்மாநாட்டிலேயே அமைக்குமாறு கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.