கொலைகாரனின் வாக்குமூலம்



கில்லர்மோ டெல் டோரோவின் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டதால் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்ட் 30 அன்று வெனிஸ் விழாவில் முதலில் திரையிட்டார்கள். மூல நாவலை எழுதிய மேரி ஷெல்லி பிறந்ததும் ஓர் ஆகஸ்ட் 30தான். தற்செயலோ திட்டமோ, அந்த அம்மையாருக்குச் சேர வேண்டிய மரியாதை!

1797இல் பிறந்தவர். சில நாட்களிலேயே தாயை இழந்தார். 1815இல் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தையைப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டு ஜெனீவா ஏரிக்கரையில், கவிஞர் பைரனின் வாடகை மாளிகையில், மழை விடாமல் அடித்த ஒரு கோடையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேச்சு வந்தது. அப்போது அவருக்கு வயது 18. 1818இல் நூல் வெளிவந்தபோது அதில் அவர் பெயர்கூட இல்லை.

உலகம் அந்தக் கதையைப் பார்த்தது 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படம் வழியாகத்தான். போரிஸ் கார்லாஃப், தட்டையான தலை, கழுத்தில் இரும்பு முனைகள். அதில் விஞ்ஞானி உயிர் கொடுத்து உருவாக்கிய அந்தப் பிறவி பேசுவதே இல்லை, உறுமுகிறது. அது ஏன் கொல்கிறது என்பதற்கும் ஒரு காரணம் வைத்தார்கள்: உதவியாள் குற்றவாளி ஒருவனின் மூளையைத் திருடி வந்துவிட்டான்! பிறவியிலேயே கோளாறு என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

டெல் டோரோ அந்த வாயைத் திறந்துவிட்டார். படத்தின் முதல் பாதி, அந்தப் பிறவியை உருவாக்கிய விஞ்ஞானி விக்டர் சொல்லும் கதை. பனிக்கடலில் சிக்கிய கப்பலுக்குள் அந்தப் பிறவி ஏறி வந்து, “இனி என் கதை” என்று தொடங்குகிறதே, அங்கேதான் படமே நிமிர்கிறது. அந்தப் பிறவியாக நடித்த ஜேக்கப் எலோர்டியின் குரலைக் கேளுங்கள். பார்வையிழந்த முதியவரோடு அவர் இருக்கும் காட்சிகளைப் பாருங்கள். இருநூறு ஆண்டுக் கதைக்கு இதைவிடப் பெரிய நியாயம் திரையில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆஸ்கர் ஐசக்கின் விக்டர் கொஞ்சம் அதிகமாகவே கத்துகிறார். போகட்டும்.

ஆனால் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

நாவலில் அந்தப் பிறவி வில்லியம் என்ற சிறுவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறது. பழியை ஜஸ்டின் என்ற அப்பாவிப் பெண்மேல் போட, அவள் தூக்கில் தொங்குகிறாள். பிறகு விக்டரின் நண்பன். பிறகு மணநாள் இரவில் விக்டரின் மனைவி எலிசபெத். படத்தில்? வில்லியம் வளர்ந்த மாப்பிள்ளை, கைகலப்பில் அடிபடுகிறான். ஜஸ்டினைக் காணவே காணோம். எலிசபெத்தின் மேல் பாய்வது விக்டரின் குண்டு. கப்பலில் மாலுமிகளைத் தூக்கி வீசுகிறதே என்று கேட்பீர்கள். அவர்கள் சுட்டார்கள், இவன் திருப்பி அடித்தான். எந்த நீதிமன்றமும் விட்டுவிடும்!

ஆக, அந்தக் கைகளைக் கழுவித் துடைத்து நம்மிடம் கொடுத்திருக்கிறார் இயக்குநர். நிரபராதிக்காகக் கண்ணீர் விடுவது பெரிய காரியமா, சொல்லுங்கள்?

மேரி கேட்டது அதைவிடக் கடினமானது. அவர் நாவலை எழுதிய நாட்களில் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் வில்லியம். கதையில் முதலில் கொல்லப்படும் சிறுவனுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார். எந்தத் தாய்க்கு அந்தத் துணிச்சல் வரும்? தன் பிள்ளையின் பெயர் தாங்கிய சிறுவனைக் கொன்றவனையே ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றில் விக்டருக்கு முன்னால் நிறுத்தி, பக்கம் பக்கமாகப் பேச விடுகிறார். கைவிட்டது நீ, கொன்றது நான் என்கிறான் அவன். நாமும் கேட்கிறோம். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிகிறது; ஜஸ்டின் செத்ததும் மறக்கவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் சுமக்கச் சொன்னார் அந்த இளம்பெண்.

படத்தின் முடிவில் விக்டர் மன்னிப்புக் கேட்கிறான், மகன் மன்னிக்கிறான். தந்தையும் மகனும் என்ற கதையை டெல் டோரோ எப்போதும் உருக்கமாகச் சொல்வார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். நாவலின் விக்டரோ சாகும்போதுகூடத் தன்மேல் பெரிய குற்றம் இல்லை என்றே சொல்கிறான். நமக்குத் தெரிந்த மனிதர்கள் இவர்களில் யாரைப் போல இருக்கிறார்கள்?

இனிக் கேள்வி நேரம். படத்துக்காக என்னோடு சண்டை போட வந்தவர்கள் முதலில் எழுந்திருக்கலாம்.